பச்சைத் தீர்த்தம் சிவந்த கதை

சென்னை போகும் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கக்கூட அந்தமான் போர்ட் பிளேரில் அப்படியொரு வரிசை நின்றதில்லை. டெலானிபூர் மேட்டில் ஒரு வாடகை வீடு. வாசலில் கழற்றிய செருப்புகள் ரோடு வரைக்கும். உள்ளே பச்சைத் தீர்த்த சுவாமிகள்! இமயமலையிலிருந்து நேராக இங்கே வந்து இரண்டே மாதம். அதற்குள் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லாரும் ஒரே காலில் விழுந்தார்கள். தேசிய ஒருமைப்பாடு என்றால் அதுதான்.

சுவாமி ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர் தருவார். ஏழு நாள் வீட்டில் வைக்க வேண்டும். பச்சையாகவே இருந்தால் வீடு சுத்தம். சிவந்துவிட்டால் செய்வினை. பரிகாரத்துக்குச் சுவாமியின் செம்பில் தங்கம் போட வேண்டும். செய்வினைக்குத் தங்கம்தான் பிடிக்குமாம், தகரம் ஒத்துக்கொள்ளாதாம்.

அரசுக் குடியிருப்பு விசாலாட்சியம்மாளும் ஒரு பாட்டில் வாங்கினார். அவருக்குக் குறைகள் பல. மிக்ஸி எரிந்துபோனது. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் ஹரிஹரனுக்குப் பதவி உயர்வு வரவில்லை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். (ஊருக்கே அப்படித்தான் வருகிறது. செய்வினை வைத்தவன் பாரபட்சம் பார்க்காதவன்.)

ஏழாம் நாள் பாட்டில் சிவந்தது. சுவாமி கண்ணை மூடினார்.

"நாலு மாசத்துக்கு முன்னால உன் வீட்டுக்குள்ள ஒரு கால் வந்துச்சே... அந்தக் கால் திரும்பிப் போகணும். அவ சங்கிலி இங்க வரணும்."

கால் கப்பலுக்கு, சங்கிலி செம்புக்கு! எவ்வளவு நேர்த்தியான பாகப்பிரிவினை!

அந்தக் கால், மெயின்லேண்டிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள் ப்ரியங்காவுடையது. நுண்பாசி வளர்த்து இயற்கைச் சாயம் எடுக்கும் ஒரு சிறு கூடத்தில் அவளுக்கு வேலை. தொட்டி, வெயில், தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத பாசி. வேறு ரசாயனம் கிடையாது. படித்த பெண் பாசி வளர்ப்பதா என்று மாமியாருக்கு அதிலும் ஒரு கடுப்பு.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கப்பல் இருக்கு. ஹரி, இவளுக்கு டிக்கெட் போடு."

"அம்மா..." என்றான் ஹரிஹரன். அந்த ஒரு சொல்லிலேயே அவன் வீரம் தீர்ந்துவிட்டது.

நான்கு மாதத்தில் குடித்தனம் முடிகிறதே! அழப்போன ப்ரியங்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தை, இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"சாமி சொன்னபடி மொட்டைமாடியில. திருஷ்டிக்கு ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன்."

"பக்கத்து வீட்டு சுகுணாக்கா?"

"அவளுக்குப் பூஜையறை மூலை. உப்பும் வேணாம்னுட்டார். அது பச்சையாத்தான் இருக்கு. செய்வினை வைக்கிற அளவுக்கு அவ வீட்டுல என்ன இருக்கு?"

ப்ரியங்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தியாடா, பேய் சிரிக்குது!" என்று விசாலாட்சி மகனுக்குப் பின்னால் ஒளிந்தார்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே ப்ரியங்கா கேட்டாள். "சாமி, ஒரே தீர்த்தத்தை ரெண்டு பாட்டில்ல ஊத்துவோம். ஒண்ணு உப்புப் போட்டு உங்க மாடியில. இன்னொண்ணு செய்வினை இருக்கிற எங்க வீட்டுப் பூஜையறையில, உப்பில்லாம. நான் தோத்தா சங்கிலியோட வளையலும் தரேன், கப்பலும் ஏறுறேன்."

வளையல் என்றதும் சுவாமிக்கு அருள் வந்தது. ஆள் அசந்தால் பாட்டிலை மாற்றிவிடலாம் என்று தலையாட்டினார்.

ஆனால் பக்தியை யார் தடுப்பது? "சாமி மாடித் தீர்த்தத்துக்கு நான் காவல்!" என்று விசாலாட்சி பாயோடு ஏறிவிட்டார். பின்னாலேயே நாற்பது பேர், ஒரு ஆர்மோனியம், ஒரு அண்டா கிச்சடி. ஏழு நாளும் பஜனை. பூஜையறைச் சாவி சுகுணாவின் இடுப்பில். சுவாமி நான்கு முறை மாடிக்கு வந்தார். நான்கு முறையும் மாலை போட்டு, தோளில் தூக்கிக் கீழே கொண்டுபோய் விட்டார்கள்.

ஏழாம் நாள் விசாலாட்சி வீட்டுப் பாட்டில் பச்சைப்பசேல். சுவாமி மாடியில் ரத்தச் சிவப்பு!

"ஐயோ, சாமிக்கே செய்வினை!" என்று ஒருத்தி அலறினாள்.

"அரே பாய், அப்போ பாபாஜியும் செம்புல தங்கம் போடணும்ல?" என்றார் ஆட்டோ ஓட்டும் நாகராஜ்.

"சாமியைக் கப்பல் ஏத்துங்க!"

"யாருக்கும் செய்வினை இல்ல," என்றாள் ப்ரியங்கா. "இது பாசி. நிழல்ல பச்சையா இருக்கும். வெயிலும் உப்பும் வாட்டினா, தன்னைக் காப்பாத்திக்கச் சிவப்பாகும். எங்க கூடத்துல அந்தச் சிவப்பைத்தான் சாயமா எடுக்கிறோம். வசதியான வீடுன்னா சாமி மாடியில வைக்கச் சொல்வார். இல்லாத வீடுன்னா மூலையில."

பிறகு தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் கூடத்தில் நடந்த பாசி வளர்ப்புப் பயிற்சி. முன்வரிசையில் தாடியில்லாத சுவாமி, சட்டையில் 'சந்திரமோகன்' என்ற அட்டை. இமயத்தில் தவமிருந்ததாகச் சொன்ன அதே வாரம்! பயிற்சிக்கு வந்த இருபது பேரில் உடனே தொழில் தொடங்கி ஜெயித்தவர் இவர் ஒருவர்தான்.

சுவாமி பின்படியில் நழுவினார். பஜனைக் கோஷ்டிக்குத்தான் பழக்கமாகிவிட்டதே, ஐந்தாம் முறையும் தூக்கினார்கள். இந்தத் தடவை மாலை இல்லை. இறக்கிவிட்ட இடம் போலீஸ் நிலையம்.

விசாலாட்சி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு பாட்டிலை ஏழு நாள் கண் கொட்டாமப் பாத்தேன். உன்னை நாலு மாசத்துல ஒரு நாள் நிமிந்து பாக்கலியேடி!"

"நான் டிக்கெட்டே போடலம்மா!" என்று ஹரிஹரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"போட்டீங்க," என்றாள் ப்ரியங்கா. "போய் கேன்சல் பண்ணிட்டு வாங்க."

பாசிக்கு மூளை கிடையாது. ஆனாலும் ஆபத்து என்றால் தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரிகிறது. மூளை உள்ள மகா ஜனங்களே, நீங்கள் எப்போது?