கொள்ளைக் கப்பலில் தூண்டில் போட்டவர்

கடல்கொள்ளைக்காரராகி, யாரிடமும் எதையும் கொள்ளையடிக்காத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ‘தூண்டில்’தான்.

அவருடைய நிஜப் பெயர் பி.ஜி. விடுதி ரெஜிஸ்டரில் இருந்திருக்கும், நாங்கள் பார்த்ததில்லை. பெங்களூரு வைட்ஃபீல்டில் மூன்று பேர் தங்கும் அறை. நான், எல்லாரையும் ‘குரு’ என்றே கூப்பிடும் சிக்கமகளூர் மஞ்சு, தர்மபுரிக்காரரான தூண்டில். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு லேப்டாப்பில் கடல்கொள்ளையர் கேமைத் திறப்போம். மஞ்சு கப்பலை ஓட்டுவான். பீரங்கி என் பொறுப்பு. தூண்டில் கப்பலின் பின்பக்கம் போய் நின்று மீன் பிடிப்பார்.

முதல் நாளே எனக்குத் தாங்கவில்லை. “ப்ரோ, இதுல அப்படி என்னதான் இருக்கு?”

“போட்டுப் பாரு. புழுவுக்கு ஒரு மீனு வரும், அட்டைக்கு வேற மீனு. கடிச்ச உடனே சுத்தாத, தூண்டில் நரம்பு அறுந்துடும். அது இடப்பக்கம் ஓடுனா நீ வலப்பக்கம் இழு. ஓஞ்சு நிக்கும் பாரு, அப்ப சுத்து.”

பிடித்ததைக் கப்பல் அடுப்பில் வறுப்பார். கருகிவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இத்தனைக்கும் மெஸ்ஸில் ஆம்லெட் போட்டாலே மொட்டைமாடிக்கு ஓடிவிடுகிற சுத்த சைவம். கேட்டால், “இதுல நாத்தம் வராதுல்ல?” என்பார்.

ஒரு ஞாயிறு, நாலு தீவுகளைத் தோண்டி எடுத்த ஒன்பது புதையல் பெட்டிகளோடு துறைமுகம் திரும்பிக்கொண்டிருந்தோம். கரை சேருமுன் கப்பல் மூழ்கினால் அத்தனையும் போச்சு. அப்போது பார்த்து எங்களைத் துரத்திக்கொண்டு, வேறு யாரோ ஆன்லைனில் ஓட்டும் ஒரு பெரிய கப்பல். முதல் குண்டிலேயே எங்கள் அடித்தளத்தில் தண்ணீர்.

“குரு, அத விட்டுட்டு ஓட்டைய அடைங்க!” மஞ்சு அலறினான்.

“இரு மஞ்சு. பெரிய மீனு. இப்பதான் ஓயுது.”

அந்த கேமில் கப்பல்கள் நெருங்கினால் ஒருவர் பேசுவது அடுத்தவருக்கும் கேட்கும். சட்டென்று குண்டுச் சத்தம் நின்றது. எதிரியின் கப்பலிலிருந்து ஒரு குரல்: “அண்ணா, தமிழா? என்ன இரை போட்டீங்க?”

“அட்டைப்பா. நீ எந்த ஊரு?”

“அத்திபெலே, ஓசூர் பக்கம். எங்களுக்கு ஒண்ணுமே மாட்ட மாட்டேங்குதுண்ணா.”

“முதல்ல எங்க ஓட்டைய அடைங்க. அப்புறம் சொல்றேன்.”

அடைத்தார்கள்! பிறகு எதிரிகள் நாலு பேரும் எங்கள் கப்பலின் பின்பக்கம் வரிசையாக நின்று தூண்டில் போட்டார்கள். “சுத்தாத, சுத்தாத! ஐயோ, அறுத்துட்டியே!” என்று இவர் பதற, மஞ்சு ஒன்பது பெட்டிகளுக்கும் காவலாக வாளோடு நின்றான். கடைசியில் அவர்களே துறைமுகம் வரை துணைக்கு வந்தார்கள். அவர்களை வழியனுப்பக்கூட இவர் திரும்பவில்லை, இன்னொன்று கடித்திருந்தது.

அடுத்த வருஷம் வேலை மாறி புனேவுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, மஞ்சு லேப்டாப்பைத் திறந்தான். திரையில் கப்பலின் பின்பக்கம் காலியாக இருந்தது.

“பேடா குரு,” வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லி மூடிவிட்டான்.

நான் என்னுடையதைத் திறக்கவே இல்லை.