ஷ்செ-பன்-கியே-விச்: அத்தானுக்கு ஓர் எச்சரிக்கை

நார்த்மீட்,
சிட்னி.

பெருமதிப்புக்குரிய மகாதேவன் அத்தானுக்கு,

நாங்கள் இங்கு சுகம். மெல்போர்ன் குளிரில் நீங்களும் அக்காவும் இருமாமல் இருப்பீர்கள் என நம்புகிறேன். மகள் தாட்சாயினியின் திருமணம் பற்றி நீங்கள் போனில் உதிர்த்த ஒரு வசனத்துக்கு மறுப்புத் தெரிவிக்கவே இம்மடல்.

"சம்பந்தியின்ர போலிஷ் பெயர் வாய்க்குள்ள நுழையாட்டி மிஸ்டர் எஸ் எண்டு கூப்பிட்டிட்டு விடன்" என்றீர்கள். விடமாட்டேன். மாப்பிள்ளை ஆதமின் தாய் ஹலீனா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் "வெல்கம், மிஸிஸ் எஸ்" என்றுதான் சொன்னேன். அவ சிரிச்சா. அத்தான், அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நித்தியானந்தன் எண்ட என்னை வேலையிடத்தில "நிட்டி, நிட்டி" எண்டு கூப்பிடேக்க, பென்சன் எடுக்குமட்டும் நானும் அதே சிரிப்பைத்தான் சிரிச்சனான். தேத்தண்ணி ஆறமுந்தி, "முழுப் பெயரையும் சொல்லித் தாங்கோ" எண்டு கேட்டன். அவ குசினி மேசையில தட்டித் தட்டிப் பிரிச்சுக் காட்டினா: ஷ்செ, பன், கியே, விச். "எவ்வளவு நீளமான சொல்லெண்டாலும் பயப்பிடாதேங்கோ, கடைசிக்கு முந்தின துண்டில அழுத்துங்கோ" எண்டா. அப்ப கியேயில அழுத்தவேணும். நான் ஒவ்வொரு தரமும் விச்சில போய் விழுந்தன்.

பெயரோட விட்டனானே? நிச்சயதார்த்த விருந்தில பிள்ளையளுக்கு ஆசீர்வாதம் சொல்லவேணும். அதுக்குப் போலிஷில ஒரு சொல் இருக்கு, கூட்ஸ் ரெயின் நீளத்துக்கு: ப்வொ-கொ-ஸ்வா-வியேன்-ஸ்த்வோ. ரெயினில இருந்துகொண்டு ரெண்டையும் பழகினன். "ஷ்செ" எண்டதும் பக்கத்தில இருந்த பெட்டை "பிளெஸ் யூ" எண்டு டிஷ்யூ நீட்டினா. "ஸ்த்வோ"வுக்கு எழும்பி அடுத்த பெட்டிக்குப் போயிட்டா. வீட்டில மனுசி நாகேஸ்வரி, "ஏனப்பா, இங்கிலீசில சொன்னா ஆசீர்வாதம் பலிக்காதோ?" எண்டு கேட்டா. "பலிக்கும். ஆனா நான் சொல்லமாட்டன்" எண்டன்.

ஹோம்புஷில தோசைக் கடையில விருந்து. எழும்பினன். சம்பந்தியைப் பாத்து "ஹென்ரிக் ஷ்செபன்கியேவிச்" எண்டன். அழுத்தம் சொல்லி வைச்சமாதிரிக் கியேயில விழுந்துது. மனுசன் கரண்டியை வைச்சிட்டார். அந்தச் சந்தோசப் புளுகத்தில அடுத்த சொல்லில "ஸ்வா"வோட நிண்டிட்டன், வாய் திறந்தபடி. "அப்பா, ப்ளீஸ், சிட் டவுன்" எண்டு தாட்சாயினி பல்லைக் கடிக்கிறாள். இருக்கமாட்டன் எண்டு கதிரையைக் காலால பின்னுக்குத் தள்ளி விட்டன். ஹலீனா மேசையில தட்டத் தொடங்கினா. ஆதமும் தட்டினார். பரிமாறிக்கொண்டு நிண்டவர் சாம்பார் வாளியில தட்டினார். "வியேன்!" எண்டு அழுத்தி, "ஸ்த்வோ!" எண்டு முடிச்சன். சட்னி கவிண்டது உண்மை, அதைப் பெரிசாக்காதேங்கோ. ஹென்ரிக் எழும்பி வந்து கட்டிப்பிடிச்சு, "இந்த நாட்டில எங்கட வீட்டுக்கு வெளிய ஒருத்தரும் என்ர பெயரை முழுசாச் சொன்னதில்லை" எண்டார். கண் கலங்கிப்போச்சு, அவருக்கும் எனக்கும்.

ஆகவே அத்தான், கலியாணத்துக்கு வாறவை நாலு துண்டையும் பழகிக்கொண்டுதான் வரவேணும். மிஸ்டர் எஸ் எண்டுகொண்டு வாறதெண்டால் நீங்கள் மெல்போர்னிலயே நிண்டுகொண்டு அக்காவை மட்டும் அனுப்புங்கோ.

முருகன் தங்கள் நாக்குக்கு வளைந்து கொடுக்கும் வரத்தை அருள்வானாக.

இப்படிக்கு,
ஓர் அசையும் குறையாத
நித்தியானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டேக்க தாட்சாயினி போன் எடுத்தாள். ஷ்செபன்கியேவிச்சும் வேண்டாமாம், நித்தியானந்தனும் வேண்டாமாம். கலியாணத்துக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் குடும்பப் பெயர் அந்த நாலு துண்டில ரெண்டாவது மட்டும், வெறும் "பன்" எண்டு முடிவெடுத்திட்டினம். சம்பந்தி வீட்டிலயும் சந்தோசமாம். ஒரேயொரு அசை. கடைசிக்கு முந்தினது எண்டு ஒண்டு இல்லவே இல்லை, அத்தான். நான் எங்க போய் அழுத்துறது? நீங்கள் தாராளமா வாங்கோ.