வயது மைனஸ் இருபத்தேழு

டைப்பிஸ்ட் இன்னும் சாகவில்லை என்று சாதித்தது மின்மயானத்துக் கம்ப்யூட்டர்.

அவர் உடல் உலை வாசலில், சக்கரம் வைத்த தட்டில் கிடந்தது. பின்னால் இன்னும் இரண்டு உடல்கள் வரிசையில்.

"இன்னைத் தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுன்னு காட்டுது சார். இவர் இறந்த தேதி இன்னும் வரலையாம்," என்றார் ஆபரேட்டர். "அது ஒத்துக்கிட்டாத்தான் உலைக் கதவு திறக்கும். பழைய ஆபரேட்டர் தினம் காலையில ஏதோ தட்டுவார். நேத்தோட ரிட்டயர் ஆயிட்டார்."

உடலோடு வந்திருந்த நண்பர் ஸ்டோர்கீப்பர் எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கண்சிமிட்டும் சின்னக் கோடு. அந்தக் காலத்து டாஸ். அவரும் டைப்பிஸ்ட்டும் இதே மாதிரித் திரைக்கு முன்னால்தான் இருபது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

"தள்ளுங்க. உள்ள பேட்டரி தீர்ந்திருக்கும், அதான் தேதி மறந்துபோச்சு. எங்க காலத்துல மவுஸே கிடையாது தெரியுமா? எல்லாம் தட்டித்தான் ஆகணும். ஒரு புள்ளி தப்பினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கும். இவன் இருக்கானே, கண்ணை மூடிக்கிட்டே தட்டுவான்."

ஆபரேட்டர் தட்டில் இருந்தவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டோர்கீப்பர் சரியான தேதியைத் தட்டினார். அந்தப் புரோகிராமோ வயதைக் கணக்கிட வருஷத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும்தான் பார்க்கும். இருபத்துநாலிலிருந்து பிறந்த வருஷம் ஐம்பத்தொன்றைக் கழித்தது. வயது மைனஸ் இருபத்தேழு.

"முதல்ல சாகலைன்னுச்சு. இப்போ பிறக்கவே இல்லைங்குது," என்றார் ஆபரேட்டர்.

"சார், எங்கப்பாவும் காத்திருக்கார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்டோர்கீப்பர் கீபோர்டை மறுபடியும் இழுத்துக்கொண்டார். இரண்டாயிரத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு வருஷம் போதும். கைக்கு வந்தது தொண்ணூற்று நாலு. இன்றைய தேதி, இறந்த தேதி இரண்டிலும் அதையே போட்டார்.

"இறந்த தேதியையுமா மாத்தறீங்க?"

"கதவு திறக்கட்டும். அப்புறம் திருத்திக்கலாம்."

கதவு திறந்தது. நண்பர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. ஸ்டோர்கீப்பர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பிரிண்டர் கிறீச்சிட்டுச் சான்றிதழைத் துப்பியது. இறந்த வருஷம் தொண்ணூற்று நாலு.

திருத்தப் பார்த்தார். என்ன தட்டினாலும் 'தவறான கட்டளை' என்றது. ஒருமுறை முடித்த கணக்கை அந்தப் புரோகிராம் திரும்பிப் பார்க்காது.

"அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் வேலைக்கு வந்தானே. பென்ஷன் ஆபீஸ்ல என்ன கேப்பாங்க?"

"செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்னு கேப்பாங்க சார்."

வெளியே பெஞ்சில் டைப்பிஸ்ட்டின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்கீப்பர் சான்றிதழை நீட்டினார்.

"அண்ணி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். முப்பது வருஷம் முன்னாடியே போயிட்டதா விழுந்திருச்சு. எங்கே வேணும்னாலும் வந்து நானே ஒத்துக்கறேன்."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கு தம்பி. எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து, இவர் அது முன்னால போய் உக்காந்தது அந்த வருஷந்தானே."