நுனியில் ஒரு துடைப்பம்

மரத்தின் நுனியில்தான் கோளாறு. திரையில் தெரியும் வண்டுகளின் வம்ச மரம் அது. ஒரு கிளை இரண்டாகப் பிரிந்தால் ஒரு புது இனம் பிறந்ததாகக் கணக்கு. பல லட்சம் வருஷம் சோம்பேறித்தனமாகப் பிரிந்துவந்த கிளைகள், இன்றைய காலத்தைத் தொட்டதும் துடைப்பம்போல் விரிந்திருந்தன.

"என்னப்பா இது? நேத்து கல்யாணம், இன்னிக்குப் பேரன்ங்கிற மாதிரி இருக்கு" என்றார் பேராசிரியை.

ஆய்வு மாணவன் காலண்டரைப் பார்த்தான். இனங்கள் பிறக்கும் வேகமும் அழியும் வேகமும் இந்த மாதத்துக்குள் வராவிட்டால் பட்டம் கிடையாது. "மாப்பிள்ளை இன்னும் படிக்கிறார்" என்று மாமனார் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"மாதிரி பத்தலை மேடம். இன்னும் கொஞ்சம் சேர்த்தா சரியாயிடும்."

வளாகத்து ஓடையில் விதத்துக்கு ஒன்றாக வண்டு பிடித்து, மரபணு எடுக்கக் குழாய்க்கு ஒரு கால் போட்டுத் தருவது ஆய்வகத்து அக்காவின் வேலை. ஒரு குழாய் என்றால் மரத்தில் ஒரு இனம்.

"அக்கா, இன்னும் முப்பது குழாய். அவசரம்."

"இதுக்குப் போய் இப்படி வேர்த்துக் கொட்டுறியே!" மதியமே முப்பதும் வந்துவிட்டன.

சேர்த்தான். துடைப்பம் புதரானது. அழியும் வேகம் பூஜ்யம்.

"ஒண்ணுகூடச் சாகலையா? எமனுக்கு லீவா?"

கொஞ்சம் சாகத்தான் வேண்டும் என்று கணினியிடம் கறாராகச் சொன்னான். அது வஞ்சம் தீர்த்தது.

"பிறந்ததைவிடச் செத்தது அதிகம்னு சொல்லுது மேடம்."

"அடுத்தது நீதான்."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, துணிந்து சொன்னான்: "இது கோளாறே இல்ல மேடம். கண்டுபிடிப்பு!"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "அப்போ நம்ம ஓடைதான் உலகத்துலேயே வேகமா இனம் பிறக்கிற இடமா?"

அவர் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் நிருபர்களைக் கூப்பிட்டார். செய்தி பரவி, மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கியதும் ஒரு நிருபர் எழுந்தார்.

"இதுக்காக எத்தனை வண்டைக் கொன்னீங்க?"

"பிடிச்சது அக்காதான். அவங்களே சொல்வாங்க" என்று மாணவன் பெருந்தன்மையாக மைக்கை நீட்டினான்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு பதினஞ்சு இருக்கும் சார், அவ்வளவுதான். வண்டுக்கு ஆறு காலு இருக்கறப்போ குழாய்க்கு ஒண்ணுன்னு எதுக்குச் சாகடிக்கணும்? கடைசி முப்பதுக்குத்தான் காலு பத்தல, மீசையைப் பிச்சுப் போட்டேன்."