மூன்று பூட்டுப் போட்ட இணையதளம்

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ் வந்து சேர்வதுதான் சிரமம். காலை பஸ் வரும் நேரம் நிறுத்தத்துப் பலகையில் எழுதித்தான் இருக்கிறது. பலகைக்கும் பஸ்ஸுக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் சத்யப்பிரியா. கம்ப்யூட்டர் படித்தவள். ஒருநாள் கண்டக்டர் இளையபெருமாளிடம், "அண்ணே, அங்க வண்டிய எடுக்குறப்ப எனக்கு ஒரு போன் போட்டுருங்கண்ணே" என்று சொல்லி வைத்தாள். பிறகு தன் கையாலேயே ஒரு இணையதளம் செய்தாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே வரி. பஸ் கிளம்பாதவரை "இன்னும் கிளம்பலை" என்று இருக்கும். கிளம்பினால் "கிளம்பிருச்சு" என்று மாறும். அவ்வளவுதான் தளம்.

அந்த ஒரு வரியால் ஊர் நிம்மதியாக உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டது. எல்லோரையும்விட அதிக நிம்மதி வீரம்மாளுக்கு. அவர் கீரை பறித்து, இங்கே வந்து திரும்பும் அதே பஸ்ஸில் ஜெயங்கொண்டம் கொண்டுபோய் விற்கிறவர். அதை விட்டால் அடுத்த பஸ் மதியம். மதியத்துக் கீரையை மாடுகூட யோசித்துத்தான் வாயில் வைக்கும்.

இவ்வளவு உபயோகமான ஒன்று யாருடைய தலைமையும் இல்லாமல் நடப்பது ஆபத்து என்பதை எங்கள் பேருந்துப் பயணிகள் நலச் சங்கம் உணர்ந்தது. தலைவர் கிருஷ்ணமூர்த்தி, செயலாளர் ராஜராஜன், பொருளாளர் கமலவேணி மூவரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். பிள்ளைகளின் படிப்புக்காக ஜெயங்கொண்டத்தில் குடியிருக்கிறார்கள். ஊர்ப்பாசத்தால் தினமும் அந்த டவுன் பஸ்ஸிலேயே வந்து சங்கத்தை நடத்திவிட்டுப் போகிறார்கள். நானும் செயற்குழுவில் இருக்கிறேன். தீர்மானம் வந்தால் கை தூக்குவது என் இலாகா.

"மேற்படி இணையதளத்தைப் பராமரித்தல், பாதுகாத்தல், வேகப்படுத்தல் ஆகிய பணிகளைச் சங்கம் தன் மேலான பொறுப்பில் ஏற்கிறது" என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. கை தூக்கினேன். சத்யப்பிரியாவுக்கு இணையதள இணைச் செயலாளர் என்று பதவி கொடுத்து, அவளிடமிருந்த தளத்தை வாங்கிக்கொண்டோம்.

முதலில் பராமரிப்பு. தலைவர் தளத்தைத் திறந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா, வெறும் வெள்ளையா இருக்கு? எழவு வூடு மாதிரி."

"சீக்கிரம் தொறக்கணும்னுதாங்க சார்..."

"தொறந்தா யாரு நடத்துறாங்கன்னு தெரிய வேணாமா?"

ஆகவே நிர்வாகிகளின் படங்கள் ஏறின. தலைவர் கொடுத்தது அவருடைய பேரன் காதுகுத்துக்கு மெயின் ரோட்டை மறித்துக் கட்டிய ஃபிளெக்ஸின் படம். அதே அளவில், ஒரு அங்குலம்கூடக் குறைக்காமல் கொடுத்தார். தலைவர் படம் அப்படி என்றால் செயலாளர் சும்மா இருப்பாரா? பொருளாளர்தான் இருப்பாரா?

மறுநாள் வீரம்மாள் கூடையோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"ஏம் புள்ள, வூட்டுலேர்ந்து தொறந்தேன். தலைவரு நெத்தி வந்துச்சு, கண்ணு வந்துச்சு. மீசை வர்றதுக்குள்ள வண்டி போயிருச்சு."

படங்களைச் சின்னதாக்கிவிடலாம் என்று சத்யப்பிரியா சொன்னாள். "யாரச் சின்னதாக்குறது?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அடுத்தது பாதுகாப்பு. பாடாலூர்ப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடையின் தளத்துக்குள் எவனோ புகுந்து, புரியாத பாஷையில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டான் என்று செயலாளர் கேள்விப்பட்டிருந்தார்.

"நம்மகிட்ட வந்து என்னங்க எடுக்கப் போறான்? இருக்குறதே ஒரு வரி" என்றாள் சத்யப்பிரியா.

"அந்த ஒரு வரிய எடுத்துட்டா?"

எனக்கும் பகீரென்றது.

கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டுப் போட்டு, மூன்று பேர் கையில் சாவி கொடுப்பது வழக்கம். மூவரும் கூடினால்தான் திறக்க முடியும். அதைவிட உயர்ந்த பாதுகாப்பு உலகில் உண்டா? அந்த வரியை மாற்றுவதற்கான பாஸ்வேர்டு மூன்று துண்டாக்கப்பட்டது. தலைவருக்கு முதல் மரியாதையாக முதல் துண்டு, செயலாளருக்கு நடு, பொருளாளருக்குக் கடைசி. ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில், நேரில், அந்த ஒரே கம்ப்யூட்டரில் மட்டும். சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கலாமா என்று கம்ப்யூட்டர் தினமும் கேட்டது. "ஒருத்தன் தினம் வந்து கதவத் தட்டுறான்னா அவன் மேலதான் சந்தேகப்படணும்" என்று செயலாளர் அதையும் மறுத்துவிட்டார்.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. ஜெயங்கொண்டத்தில் பஸ் கிளம்பும். இளையபெருமாள் போன் செய்வார். சத்யப்பிரியா மூன்று நிர்வாகிகளுக்காகக் காத்திருப்பாள். அவர்களும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பஸ் திரும்பிப் போகும். மூவரும் முறைப்படி பாஸ்வேர்டைத் தட்டி, "கிளம்பிருச்சு" என்று பதிவேற்றுவார்கள். செய்தியில் பொய் ஒன்றுமில்லை.

தளத்துக்குள் ஆள் நுழைவதற்கும் ஒரு காவல் வைத்தார்கள். வருகிறவர் மனிதர்தான் என்று நிரூபிக்க, காட்டப்படும் படங்களில் பஸ் இருக்கும் படத்தைத் தொட வேண்டும். வீரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஸ்ஸு எங்கன்னு கேக்கத்தான நான் வந்தேன்? என்னையவே காட்டச் சொல்லுதே இது!"

வாடிய கீரையைக் கொண்டுவந்து சங்க வாசலில் கொட்டிவிட்டுப் போனார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் அவசரக் கூட்டம் கூடி, மூன்றாவது பணியான வேகத்தைக் கையில் எடுத்தோம்.

பெரம்பலூரிலிருந்து அறிவரசன் என்ற நிபுணரை வரவழைத்தோம். இணையதளங்களின் வேகத்துக்கு மார்க் போடுவது அவர் தொழில். இப்போது அதுதான் எங்கும் பேஷன். கடைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் வியாபாரம் எப்படி என்று கேட்பதில்லை, உங்கள் தளம் எத்தனை மார்க் என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் தளத்தை அளந்து பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், பேஜ் ரொம்ப வெயிட்டு. போட்டோவெல்லாம் கொறைக்கணும்."

யாருடையதைக் குறைப்பது என்று பழைய சண்டை கிளம்பியது. கடைசியில் தலைவரே வழி கண்டார். ஒருவர் படமும் இல்லையென்றால் ஒருவருக்கும் அவமானம் இல்லை. எல்லாப் படமும் போயிற்று. பஸ்ஸைக் காட்டச் சொன்ன காவலும் போயிற்று. மார்க் ஏறி ஏறித் தொண்ணூற்றொன்பதில் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தளம் பழையபடி ஆகிவிட்டதே!

தலைவர் முகம் மட்டும் தெளியவில்லை. "அந்த ஒரு மார்க் எங்க போச்சு?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் பிள்ளை மார்க் ஷீட்டோடு வந்தால் எந்தத் தகப்பனும் கேட்கும் கேள்விதான் அது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நிபுணரைப் பார்த்தோம்.

"அந்த ஒரு வரிதான் சார் இழுக்குது. அடிக்கடி மாறுது பாருங்க."

"எடுத்துட்டா?"

"நூத்துக்கு நூறு."

சத்யப்பிரியா எழுந்துவிட்டாள். "சார், அந்த வரிக்காகத்தான சார் வெப்சைட்டே!"

"உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா. பாதுகாப்பயும் யோசிங்க. இனிமே எவன் புகுந்தாலும் எடுத்துட்டுப் போக ஒண்ணும் இருக்காது" என்றார் செயலாளர்.

தீர்மானம் வந்தது. கை தூக்கினேன். கீரைக் கூடையோடு வாசலில் நின்ற வீரம்மாளும் நூற்றுக்கு நூறு என்றதும் கை தட்டினார்.

மறுநாள் காலை விழா. ஜெராக்ஸ் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். "மாவட்டத்தின் அதிவேக, அதிபாதுகாப்பு இணையதளம்" என்று நிறுத்தத்தை ஒட்டி ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. தளத்திலிருந்து வெளியேறிய மூன்று முகங்களும் அதில் முழு அளவில் சிரித்தன. மூவரும் முதல் நாளே ஊருக்கு வந்து தங்கிவிட்டதால் விழா குறித்த நேரத்தில் தொடங்கியது. ஊரே போனும் கையுமாக நின்றது.

"யாத்தே, தொடறதுக்குள்ள தொறக்குது!" என்றார் வீரம்மாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, மூடி மூடித் திறந்து பார்த்தார். நாங்களும் திறந்தோம். பளிச்சென்ற வெள்ளை.

சத்யப்பிரியாவுக்கு வழக்கம்போலப் போன் வந்தது. "வண்டி கிளம்பிருச்சாம்!" என்று சொன்னாள்.

"வெப்சைட்டுல ஒண்ணும் வரலையேம்மா" என்றார் பொருளாளர். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. இவ்வளவு வேகமான தளத்தில் வராத செய்தியை ஜெராக்ஸ் கடையில் ஒருத்தி வாயால் சொன்னால் எப்படி நம்புவது?

ஃபிளெக்ஸுக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. யாரோ ஒருவர் தலை நிமிராமலே, "கொஞ்சம் இருங்கய்யா, டெஸ்ட் பண்ணிட்டிருக்கோம்" என்றார். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். இளையபெருமாள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு விசில் ஊதினார். பஸ் காலியாகத் திரும்பிப் போயிற்று.

தூசி அடங்கியதும்தான் வீரம்மாள் கூடையைப் பார்த்தார். "அய்யய்யோ, போயிருச்சே! அடுத்த வண்டி எப்பன்னு பாருங்கய்யா, சீக்கிரம்!"

ஊரே ஒன்றாகத் திறந்து பார்த்தோம். கண் இமைப்பதற்குள் திறந்துவிட்டது.