பாலிஷ் மாமி மிஷின் வாங்கிய கதை

ஸ்ரீரங்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் டிராஃபிக் போலீசுக்குப் பயப்பட மாட்டார்கள். பாலிஷ் மாமிக்குத்தான் பயப்படுவார்கள். போலீஸ்காரர் லைசென்ஸைக் கேட்பார், இன்ஷூரன்ஸைக் கேட்பார், பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். மாமி கேட்கிற கேள்விக்கு எந்தப் பேப்பரை நீட்டியும் தப்பிக்க முடியாது. "வண்டிய இப்படி வெச்சுண்டிருக்கேளே, உங்களுக்கே நன்னா இருக்கா?"

இத்தனைக்கும் மாமியிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. எங்கள் அபார்ட்மென்டில் தரைத்தளத்து வீடு, அறுபது வயது, தனிக்கட்டை. மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில். ஒரு பஸ் பாடி கட்டும் கம்பெனியில் பெயின்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருபத்தேழு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். கம்பெனிதான் அவரை ரிடையர் செய்தது. அவர் ஆகவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன டார்ச்சைச் செருகிக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். அந்த ஜன்னலைக் கடக்காமல் ஒரு வண்டியும் வெளியே போக முடியாது. பில்டரைத்தான் சொல்லவேண்டும்.

மூன்றாம் மாடி டாக்டரின் டிரைவர் ஒருநாள் காலையில் பழைய பனியனால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் பாட்டுக்கு.

"நிறுத்துங்கோ! அபசாரம்! தூசியோட தேய்க்கறேளே!"

"அம்மா, இது பனியன்தாம்மா."

"பனியன் சாதுதான். அதுல ஒட்டிண்டிருக்கற மண்ணு சாது இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதும் இதுவும் ஒண்ணு. முதல்ல தண்ணி விடுங்கோ."

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார். புத்தூரில் எத்தனை நோயாளிகள் காத்திருந்தார்களோ, அதைப் பற்றியெல்லாம் மாமிக்குக் கவலை இல்லை.

எதிர்த்த கல்யாண மண்டபத்தில் நடந்தது இதைவிட அநியாயம். மாப்பிள்ளை வந்த காரில் பூச்சரங்களை ஏதோ பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். டேப்பை அப்படியே பிய்த்தால் பெயின்டும் சேர்ந்து வரும் என்று மாமி சாலையைக் கடந்து போனார். அரைமணி நேரம் வெந்நீர் விட்டு விட்டு ஒவ்வொரு டேப்பாக உரித்தார். சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்கிறீர்கள்? மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைதான். உள்ளே நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் மேலே இரண்டாம் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தவன். அப்போது எனக்குக் கார் இல்லை.

நான் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஆசைப்பட்டு ஒரு கருநீலக் கார் வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். கொஞ்சம் மங்கியிருந்தது. மன்னார்புரம் பக்கம் 'மூன்றே மணி நேரத்தில் புது வண்டி' என்று போர்டு வைத்திருந்த ஒரு இடத்தில் விட்டேன். மூன்று மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். நான் மாமிக்காகவே ஒருமுறை ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். கர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மாமி வெளியே வந்தார். நிழலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "வெயிலுக்குக் கொண்டு வாங்கோ" என்றார்.

கொண்டு வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். பானெட் முழுக்க, கதவு முழுக்க, வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். சூரியன் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை.

மாமியின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது. என் சொந்தக்காரர்கள் யாரும் என் பொருட்டு அவ்வளவு கலங்கியதில்லை.

"எந்த மிஷின் போட்டா?"

"தெரியலீங்க மாமி. சுத்துற மிஷின்."

"எல்லா மிஷினும்தான் சுத்தும்! வெறுமனே சுத்தித்தா, ஆடிண்டே சுத்தித்தா?"

ஆயிரம் பிள்ளைகளை வாய்மொழித் தேர்வில் திணறடித்தவன் நான். அன்றைக்கு என் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் திணறினேன். மாமி விளக்கினார். ஒரு வகை மிஷின் ஒரே இடத்தில் நின்று அசுர வேகத்தில் சுற்றும். தெரிந்தவர் கையில் அது வேலை செய்யும், தெரியாதவர் கையில் சூடேறிப் பெயின்டைச் சுட்டுவிடும், வட்டக் கோடு போடும். இன்னொரு வகை சுற்றிக்கொண்டே லேசாக ஆடும். கொஞ்சம் அழுத்தினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சூடு ஒரே இடத்தில் சேராது. புதுக் கைக்கு அதுதான் லாயக்கு.

"இனிமே யார்கிட்டயும் விட வேண்டாம் சார். நாமே ஒரு மிஷின் வாங்கிடுவோம்."

கவனியுங்கள். வண்டி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. 'நாமே' என்பது மட்டும் மாமியுடையது.

தென்னூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கழுத்தில் அடையாள அட்டை போட்ட விற்பனையாளர் ஓடி வந்தார். மாமிதான் பேசினார்: "கார் பெயின்டுக்குப் போடற பாலிஷர் பார்க்கணும்."

அந்த மனிதர் மாமியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், அம்மாவுக்கு மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மாடியில இருக்கு சார். லிஃப்ட் இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி என் கையைத் தட்டிவிட்டு, அலமாரியில் இருந்த ஒரு பெரிய மிஷினைக் காட்டினார். "இது எவ்வளவு கனம்?"

"சார், நல்ல வெயிட்டு சார். கையில எடுத்தாலே கெத்தா இருக்கும்."

"ஆரம்பிக்கறச்சே மெதுவா ஆரம்பிக்குமா?"

"சார், ஸ்பீடைப் பத்திக் கவலையே படாதீங்க. இதுக்கு மேல ஸ்பீடு எந்த மிஷின்லயும் கிடையாது."

"எனக்கு இதுக்குக் கீழ வேணும்" என்றார் மாமி.

கேள்வி அங்கிருந்து வந்தது, பதில் இங்கே விழுந்தது. நான் நடுவில் தபால் பெட்டி மாதிரி நின்றேன். கடைசியில் மாமி, "ஓட்டிப் பார்க்கணும்" என்றார். விற்பனையாளர் சிரித்தார். "எதுல சார் ஓட்டிக் காட்டுறது? கடைக்குள்ள காரா இருக்கு?"

அடுத்த ஞாயிறு மாமி ஒரு பானெட்டோடு வந்தார். பழைய இரும்புக் கடையில் பிடித்த சிவப்புக் கார் பானெட். அதை ஆட்டோவில் குறுக்காகச் செருகி, ஒரு பக்கம் மாமி, மறு பக்கம் பாதி உடம்பு வெளியே தொங்க நான். காவேரிப் பாலத்தில் என் மாணவர்கள் இரண்டு பேர் பைக்கில் முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, வணக்கம் வேறு சொன்னார்கள். ஆட்டோக்காரர் கேட்டார்: "சார், மீதி கார் பின்னாடி வருதுங்களா?"

கடையில் இரண்டு ஸ்டூல் போட்டுப் பானெட்டை வைத்தோம். விற்பனையாளர் வீராப்பாகப் பெரிய மிஷினை எடுத்து முழு வேகத்தில் வைத்தார். பாலிஷ் பசை அவர் சட்டையில், என் கண்ணாடியில், மேலே மின்விசிறியில் எல்லாம் தெறித்தது. ஓரத்துக்குப் போனார். கருகிய வாடை வந்தது. துடைத்தால், மடிப்பில் பெயின்ட் இல்லை. அடியில் சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது.

"ஓரத்துல பெயின்ட் மெலிசா இருக்கும்" என்றார் மாமி. "இப்போ அந்தச் சின்னதைக் குடுங்கோ. ஆடிண்டே சுத்தறதே, அது."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மிஷினைக் கையில் வாங்கியபோது அவர் கை நடுங்கியது. மிஷின் அதிர்வு என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், இன்னும் ஸ்விட்சே போடவில்லை. போட்டபின் நடுக்கம் நின்றுவிட்டது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல் ஓட்டினார். துடைத்தார். அந்தச் செத்த பானெட்டில் என் முகம் தெரிந்தது. பரிதாபமான முகம்.

கூட்டம் கூடிவிட்டது. கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "மேடம், உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"காபி இருக்கட்டும். இதோட ஸ்விட்ச் ஏன் கட்டை விரலுக்கு எட்டாத இடத்துல இருக்கு?"

வாங்கவில்லை! அவ்வளவும் ஆன பிறகு வாங்கவில்லை! பானெட்டை மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறுகள். ஒரு கடையில் கைப்பிடி வழுக்கியது. ஒரு கடையில் வயர் குட்டை. ஒரு மிஷின் எல்லாம் சரி, ஆனால் சத்தம் 'அகங்காரமா' இருக்கிறதாம். மிஷினுக்கு அகங்காரம்! இவ்வளவு பார்த்துப் பார்த்து என் வீட்டில் எனக்குப் பெண்கூடப் பார்க்கவில்லை.

பொறுமை போய்விட்டது. ஒருநாள் கல்லூரி விட்டதும் நேராகத் தென்னூர் கடைக்குப் போனேன். அதே விற்பனையாளர். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அம்மா வரலீங்களா?"

"இல்லை. அந்தப் பெரிய மிஷினைக் குடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா நினைக்காதீங்க. அம்மா சொன்னதுதான் சார் சரி. உங்களுக்கு இது வேணாம்."

இவர் யார் எனக்குச் சொல்ல? அன்றைக்கு அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பெரியதையே வாங்கினேன்.

மாமி காலையில் பெருமாளைச் சேவிக்கப் போகிற நேரம் பார்த்து, காரை வெளியே எடுத்து வேலையை ஆரம்பித்தேன். பானெட் நடுவில் பிரமாதமாக வந்தது. உற்சாகத்தில் ஓரத்துக்குப் போனேன். வாடை வந்தது. மிஷினைத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்கை அளவுக்கு நீலம் போய்ச் சாம்பல் நிறம்.

கையில் துளசியோடு மாமி வந்து நின்றார். அந்த இடத்தைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குழந்தைகள் ஓடற இடம். வயரைச் சுருட்டி வெச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. டாக்டரின் டிரைவரைத் திட்டுவார், முன்பின் தெரியாத மாப்பிள்ளையைத் திட்டுவார். எனக்கு என்ன குறைச்சல்? ஒன்பது நாள் பொறுத்தேன். என் கார் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் சாத்தியே இருந்தது. பத்தாம் நாள் போய்க் கதவைத் தட்டினேன்.

"மாமி, நான் பண்ணது தப்புதாங்க. அதுக்காகப் பேசாம இருக்கணுமா? நீங்களும்தான் ஆறு வாரமா இழுத்தடிச்சீங்க. ஒரு மிஷின் வாங்க இவ்வளவா?"

மாமி உட்காரச் சொன்னார்.

"சார், இருபத்தேழு வருஷம் பஸ் பஸ்ஸாப் பார்த்தேன். இங்க கோடு, இங்க சுட்டிருக்குன்னு சாக்பீஸால வட்டம் போடறதுதான் என் வேலை. மிஷின் பிடிக்கறவா வந்து அதைச் சரி பண்ணுவா. நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறேனேன்னு கேட்டேன். சிரிச்சா. 'புடவை மாட்டிக்கும் மாமி, கை வலிக்கும், நீங்க வட்டம் போடுங்கோ போறும்'னா. வருஷா வருஷம் கேட்டேன். ரிடையர் ஆற அன்னிக்கும் கேட்டேன். மாலை போட்டா, வெள்ளி விளக்கு குடுத்தா. மிஷினைக் குடுக்கலை."

இடுப்பு டார்ச்சை எடுத்து ஒருமுறை போட்டு அணைத்தார்.

"அந்தத் தென்னூர் கடையிலதான் முதல் தடவையாக் கையில எடுத்தேன். என் முதல் மிஷின் சார். அதான் அவசரப்படலை."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பெனியின் அத்தனை பஸ்ஸையும் வழிமறிக்கலாம் போலிருந்தது. வெள்ளி விளக்காம்! பிறகுதான் உறைத்தது. அவர்களாவது நேருக்கு நேர் சிரித்தார்கள். நான் அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்தவன்.

"கிளம்புங்க மாமி, கடை திறந்திருக்கும்" என்றேன்.

தென்னூர் விற்பனையாளர் வாசலுக்கே வந்தார். "வாங்க மேடம், சொல்லுங்க மேடம். புதுசா ஒண்ணு வந்திருக்கு, ஸ்விட்ச் நீங்க கேட்ட இடத்துல இருக்கு." என் பக்கம் திரும்பி, "சார், நீங்க அப்படி ஓரமா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மாமி அந்த மிஷினைத் தூக்கிப் பார்த்தார், ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார், கட்டை விரலை நீட்டி மடக்கினார். எட்டியது. திருச்சி முழுக்கத் தேடியது அந்த ஒரு கட்டை விரல் தூரத்தைத்தான்.

நான் சுட்ட இடத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. பெயின்டர் தலைக்கு மேல் மாமி டார்ச் பிடித்தார். மாமிக்குத் திருப்தி ஆகும்வரை பெயின்டர் மூன்று முறை அடித்தார். அதன்பின் மாமி ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி, இரண்டு ஞாயிறுகளில் என் காரை முடித்தார். எனக்கு ஒரே ஒரு வேலை: வயர் பெயின்டில் உரசாமல் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நகரவேண்டும்.

அது என் காரோடு முடிந்திருக்கவேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. டாக்டர் கார், அபார்ட்மென்ட் செக்ரட்டரி கார், நான்காம் மாடி வாடகைக்காரரின் மச்சான் கார். மிஷின் மாமியுடையது, கார் ஊராருடையது, தோள் மட்டும் என்னுடையது. எங்கள் துறைத்தலைவர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், நான் வயரும் தோளுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஓய்வு நேரத்துல எலக்ட்ரீஷியன் வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு.

போன மாதம் மாமி மகள் வீட்டுக்குப் பெங்களூர் போனார், மிஷினை மடியில் வைத்துக்கொண்டு. பத்து நாளில் வருவதாகச் சொன்னார், வரவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. பேப்பரை முழுக்கப் படிக்கிறேன். அதில் ஒன்றுமே இல்லை.

நேற்று போன் வந்தது.

"சார், இங்க கீழ்த்தளத்துல ஒரு கறுப்பு வண்டி நிக்கறது. பார்த்தேள்னா அழுதுடுவேள். மாப்பிள்ளையை வயர் பிடிக்கச் சொன்னேன். நல்ல பிள்ளைதான், ஆனா தோள்ல போட்டுக்கத் தெரியலை."

எனக்கு வந்ததே கோபம். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு வயர் பிடிக்க ஆள் இல்லையா? நான் யார், படித்தவன், குடும்பஸ்தன், பரீட்சைத் தாள்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன, ரயிலேறி வந்து வயர் பிடிக்கவேண்டுமா? போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் அரைமணி நேரம் கத்தித் தீர்த்தேன்.

சனிக்கிழமை ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்திருக்கிறது.