நாற்காலிக் கடையில் நிற்பவள் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய முதலாளியும், என் அப்பாவின் உடன்பிறந்த அண்ணனுமாகிய பெரியப்பா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மரச்சாமான் கடையின் விற்பனைப் பிரிவில் நின்றுகொண்டிருக்கும் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். ஏழு மாதமாக எனக்குள் குடியிருப்பவரும் நலம். வலது கால் மட்டும் நலமில்லை. அங்கு தாங்களும், பெரியம்மாவும், பட்டறையில் எல்லோரும், முக்கியமாகத் தங்கள் கைப்பேசியில் ஓயாமல் தெரிந்துகொண்டிருக்கும் நம் கடைக் கேமராவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் பட்டறையிலிருந்து சரக்கு வந்த வண்டியில், இரண்டு பீரோக்களுக்கு நடுவே செருகி அனுப்பிய தங்கள் கடிதம் கிடைத்தது. எதையும் எழுத்தில்தான் கேட்பேன், எழுத்தில்தான் பதில் வாங்குவேன் என்ற தங்கள் கொள்கை ஊரறிந்தது. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கே ‘வருகிறோம்’ என்று லெட்டர்பேடில் முத்திரை குத்தி அனுப்பியவர் நீங்கள். ஆகவே நான்கு காட்சிகளைக் கேமராவில் கண்டதாகவும், நான்குக்கும் விளக்கம் வேண்டும் என்றும், விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் இந்த மாதத்தோடு நான் வீட்டில் இருந்துகொள்ளலாம், கல்லாவில் இருக்கும் பெரியம்மாவின் அண்ணன் மகனே விற்பனையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வான் என்றும் எழுதியிருந்ததைப் படித்து நான் ஆச்சரியப்படவில்லை. ‘எப்போது பார்த்தாலும் கேமராவில் நீ ஒருத்திதான் தெரிகிறாய்’ என்று கடைசியில் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஓரத்தில் பெரியம்மா தம் கையெழுத்தில், இத்தனைக்கும் காரணம் ‘வாயுவாக இருக்கும்’ என்று சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கு என் தனி நன்றி.

முதல் காட்சி, நான் கட்டிலில் படுத்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஒருக்களித்துப் படுத்திருந்தேன், முழங்கால்களுக்கு நடுவே விற்பனைக்கு வைத்த தலையணை ஒன்றும் இருந்தது. பெரியப்பா, இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் சியாட்டிக் நரம்பு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதாம். கல்யாணம் வரை அப்படியொன்று என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது, அதுவும் தன் பாட்டுக்கு இருந்தது. இப்போது வயிறு கனத்து, இடுப்புக் கட்டுகள் தளர்ந்து, போதாக்குறைக்கு உள்ளே இருப்பவரும் அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொண்டதால், நான் ஒரு அடி எடுத்து வைத்தால் இடுப்பில் தொடங்கும் வலி சுரீரென்று குதிகால் வரை போய்த் திரும்பி வருகிறது. டாக்டரம்மாவிடம் போனேன். சகஜம் என்றார். காலை ஊன்ற முடியவில்லை என்றேன். அதுவும் சகஜம். தும்மினால் உயிர் போகிறது என்றேன். ரொம்பச் சகஜம். எனக்கு இரண்டு இறக்கை முளைத்தால்கூட அந்த அம்மாள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்வார். எல்லாம் பிரசவம் ஆனதும் போய்விடும் என்று தைரியம் வேறு சொன்னார். பிரசவத்தை ஒரு வலி நிவாரணியாக எனக்கு அதுவரை யாரும் சிபாரிசு செய்ததில்லை. அங்கிருந்து பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் நல்ல பெண். தொடர்ந்து நிற்கக் கூடாது என்றாள். தொடர்ந்து உட்காரக் கூடாது என்றாள். தொடர்ந்து படுத்திருக்கவும் கூடாதாம். பிறகு நான் எப்படித்தான் இருப்பது என்று கேட்டேன். மாற்றி மாற்றி இருக்கச் சொன்னாள்.

நம் கடையில் மாற்றி மாற்றி இருப்பதற்கு என்ன வழி இருக்கிறது என்பதைத் தாங்களே அறிவீர்கள். ‘விற்பனைக்குரிய பொருட்களின் மேல் ஊழியர்கள் உட்காரக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் மாட்டியது தாங்கள்தான். சாப்பாட்டு மேஜை நாற்காலி, சாய்வு நாற்காலி, ஆடும் நாற்காலி, சோபா என்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உட்காரும் பொருளாக வைத்துவிட்டு நடுவே ஒரு கர்ப்பிணியை நிற்க வைத்திருக்கிறீர்கள். விதிவிலக்கு கல்லாவின் சுழல் நாற்காலி மட்டும்தான். அதில் பெரியம்மாவின் அண்ணன் மகன் இருக்கிறார், அல்லது அவருடைய துண்டு இருக்கிறது. ஒரு நாள் கால் தாங்காமல் அதைச் சற்று நேரம் கேட்டேன். கல்லாவை விட்டு நாற்காலி நகரக் கூடாது, அது பெரியவர் உத்தரவு என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்து டீ குடிக்கப் போனார், திரும்பி வர மதியமாயிற்று. அன்றுதான் நான் கட்டிலில் சாய்ந்தேன். சாய்ந்தவள் அசந்துவிட்டேன், அது நிஜம். கண் விழித்தபோது தலைமாட்டில் வயதான கணவன் மனைவி இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். கேமராவில் அவர்களையும் கண்டிருப்பீர்கள், ஆனால் நம் கேமராவில் சத்தம் வராதே. அந்த அம்மாள் வீட்டுக்காரரிடம் சொன்னது இதுதான்: “இந்தப் பொண்ணு எவ்வளவு நிம்மதியா தூங்குது பாருங்க. எனக்கு இதே கட்டில்தான் வேணும்.” தலையணையோடு வாங்கிப் போனார்கள். நின்றுகொண்டு மூன்று மாதமாக நான் புகழ்ந்தும் போகாத கட்டில் அது. இதை ஒழுங்கீனம் என்று குறிப்பதா, விற்பனை என்று குறிப்பதா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இரண்டாவது காட்சி, நான் தரையில் நான்கு காலில் நின்றது. ‘ஏதாவது தொலைந்ததா, தொலைந்தது என்றால் ஏன் தெரிவிக்கவில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் தொலையவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி மேலே வளைத்து மெல்லக் கீழே விடுவது பிசியோ பெண் கொடுத்த பயிற்சி. வயிற்றின் பாரம் நரம்பை விட்டு இறங்கி நிற்குமாம். நின்றது, அந்த நிம்மதியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் அப்போது பாலிஷ் போடும் அளவு அண்ணன் வந்துவிட்டார். எதைக் கேட்டாலும் அடி அங்குலத்தில் பதில் சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர், தாங்கள் அறிந்ததுதான். என்னைத் தரையில் கண்டதும் “என்னம்மா, ஸ்க்ரூவா?” என்று கேட்டார். நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மனிதர் பக்கத்திலேயே மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். தங்கள் கடையின் இரண்டு ஊழியர்கள் வேலை நேரத்தில் பீரோக்களுக்கு நடுவே தவழ்ந்து திரிந்ததன் முழு விளக்கம் இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தொலையாத ஸ்க்ரூவை அவர் கண்டுபிடித்துவிட்டார். கட்டிலுக்கடியில் நிஜமாகவே ஒன்று கிடந்தது. எந்த நாற்காலியிலும் பொருந்தவில்லை, எந்தக் கட்டிலிலும் பொருந்தவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு வாரமாகக் கடை முழுக்க ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது காட்சி, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் நான் ஒரு காலை அலங்கார மேஜையின் கீழ் இழுப்பறையில் தூக்கி வைத்து நின்றது. ‘நம் குடும்பத்துப் பெண்ணுக்கு அழகா’ என்று கேட்டிருந்தீர்கள். அழகில்லைதான். ஆனால் ஒரு காலைச் சற்று உயர்த்தி வைத்தால் இடுப்பு இளகும். அந்த வாடிக்கையாளர்கள் இழுப்பறை எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்டார்கள். தாங்குகிறதே பாருங்கள் என்றேன். கூட இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வலிக்கு என் வீட்டிலும் வைத்தியம் நடக்கிறது. கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பயபக்தியோடு என் இடது காலைப் பிடித்துவிடுகிறார். வலி வலது காலில். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதுதான் வலது பக்கமாகத் தெரிகிறது. ஆரம்பத்தில் இரண்டு முறை சொன்னேன், சொன்ன அன்று மாற்றுகிறார், மறுநாள் பழைய காலுக்கே போய்விடுகிறார். இப்போதெல்லாம் சொல்வதில்லை. நல்ல மனிதர், ஆசையாகச் செய்கிறார். இடது கால் எங்கள் வீட்டிலேயே அதிக சுகமாக இருக்கிறது.

நான்காவது காட்சிக்கு ‘கண்ணாடி பீரோ முன்னால் நின்று அழுதது ஏன்’ என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். அன்றைக்குக் கடையில் யாருமில்லை. பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கால் என்னுடையதே இல்லை என்பது போலாகிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தேன். வலிக்காக அழவில்லை, பெரியப்பா. விழுந்ததில் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்துபோனேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன், உள்ளேயும் அசைவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உதை விட்டதே, அதற்குப் பிறகுதான் எழுந்து நின்று அழுதேன். இதில் நக்கலாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, தங்கள் கடைசிக் குற்றச்சாட்டு. கேமராவில் ஏன் நான் மட்டும் தெரிகிறேன்? இன்று காலை அளவு அண்ணன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணாந்து பார்த்துவிட்டு ஏணி கொண்டுவந்தார். அந்த ஸ்க்ரூ கேமராவைச் சுவரோடு பிடித்திருந்த ஸ்க்ரூ. அது விழுந்த நாளிலிருந்து கல்லாவைப் பார்க்க வேண்டிய கேமரா தலை சாய்ந்து கட்டில் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தாங்களும் அத்தனை நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று நான் கேட்கமாட்டேன், அவர் பெரியம்மா வழி உறவு. ஸ்க்ரூவை முடுக்கியாகிவிட்டது. இனி கேமரா கல்லாவை மட்டும் பார்க்கும். யார் உட்காருகிறார், யார் உட்காருவதில்லை என்பதைத் தாங்களே கண்குளிரக் காணலாம்.

இவ்வளவும் விளக்கம். இனி முடிவு. அப்பா போன பிறகு படிப்பு என்ன என்று கேட்காமல் வேலை கொடுத்தவர் நீங்கள், அதை நான் மறக்கவில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு வீட்டில் எந்த மேஜை எந்த ஜன்னலோரம் போனால் பொருந்தும் என்று வருகிறவர்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் திரும்பி வரலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஆனால் வலிக்கிற காலோடு வேலை பார்த்ததற்கு விளக்கம் எழுதித் தர வேண்டிய இடத்தில் இருப்பதைவிட, எழுந்து போவது மேல் என்று தோன்றுகிறது. இதையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும். எழுத்தில் தந்திருக்கிறேன், தாங்கள் விரும்புகிற விதமாகவே.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். பட்டறையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். என்னையும் உள்ளே இருப்பவரையும் தூரத்திலிருந்தே ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி மகள்,
நின்ற நிலையில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வண்டி வந்துவிட்டது. டிரைவர் அண்ணனும் அளவு அண்ணனுமாகச் சேர்ந்து ஒரு பெரிய மெத்தை நாற்காலியை இறக்கிக் கட்டில் பிரிவில் போட்டார்கள். மேலே தங்கள் லெட்டர்பேடில், முத்திரையோடு: ‘இது விற்பனைக்கு அல்ல. உட்கார்ந்து வேலை பார்க்கவும். பிரசவம் முடிந்து திரும்பும் வரை உன் இடம் உன்னுடையது.’ ஓரத்தில் பெரியம்மா: ‘நீ சரிந்து விழுந்ததையும் அழுததையும் நானும் போட்டுப் பார்த்தேன்டி. வாயு இல்லை.’ இதைப் படித்துவிட்டு இன்னொரு தடவை அழுதேன். நல்ல வேளை, கேமரா இந்தப் பக்கம் இல்லை.

அழுதுகொண்டே உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு பண்ணிவிட்டேன். பட்டறையிலேயே மிருதுவானதாகப் பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். பிசியோ பெண் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று சொன்ன ரகம் இது. இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன், முழங்கால் மூக்குக்கு நேரே இருக்கிறது, வலது கால் கத்துகிறது, முன்னால் சாயலாம் என்றால் வயிறு விடவில்லை. டிரைவர் அண்ணனும் அளவு அண்ணனும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினேன், ஆட்டிய பிறகுதான் அது இப்போது கல்லாவை மட்டும் பார்க்கிறது என்பது நினைவுக்கு வந்தது. கல்லாவில் துண்டு மட்டும் இருக்கிறது, அதை இந்நேரம் தாங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கல்லா மேலிருக்கும் போன் விடாமல் அடிக்கிறது. தாங்களாகத்தான் இருக்கும். என்னால் எடுக்க முடியாது.

எழுந்து போவதாக மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடவும். எழுந்தால்தானே போவதற்கு.